எந்த யோ-யோ நல்லது?



இரண்டு வட்டத் தட்டுகள். அவற்றை நடுவில் இணைக்கும் ஒரு சிறு அச்சு. அச்சைச் சுற்றி ஏறத்தாழ ஒரு மீட்டர் நூல். யோ-யோ என்பது இவ்வளவுதான். ஆனால் இன்று ஒரு யோ-யோ வாங்கலாம் என்று புறப்பட்டால் தலை சுற்றிப் போகும். மரத்தில் கடைந்தது, பிளாஸ்டிக்கில் வார்த்தது, அலுமினியத்தில் செய்தது எனப் பல வகை. பால் பேரிங் வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. தானே கைக்குத் திரும்பி வருவது ஒன்று, எவ்வளவு இழுத்தாலும் திரும்பி வராதது இன்னொன்று! விலையோ சில பத்து ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரம் ரூபாய் வரை ஏறிக்கொண்டே போகிறது.

இவற்றுள் எதை வாங்குவது? "விலை உயர்ந்ததே சிறந்தது" என்பது பலருடைய எண்ணம். பிறந்த நாள் பரிசு வாங்கும் மாமாவும் அத்தையும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பளபளக்கும் உலோக யோ-யோ வீட்டுக்கு வருகிறது. சிறுவன் அதை வீசுகிறான். அது கீழே போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலே வர மறுக்கிறது. பத்து முறை முயல்கிறான். பதினோராம் முறை அது அலமாரிக்குள் போய்விடுகிறது. பொம்மையில் பழுதில்லை, பையனிடமும் குறையில்லை. தேர்வுதான் தவறு.

முதன்முதலாக யோ-யோ பழகும் மாணவருக்கு ஏற்றது, அச்சு அசையாமல் பொருத்தப்பட்ட எளிய யோ-யோதான் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இயற்பியலிலிருந்தே எடுத்துச் சொல்கிறேன். படித்தபின் ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

விழும் கல்லும் விழும் யோ-யோவும்

ஒரு கல்லை 1 மீட்டர் உயரத்திலிருந்து கைவிட்டால் அரை வினாடிக்குள் தரையைத் தொட்டுவிடும். யோ-யோவின் நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு, வீசாமல் அப்படியே கைவிட்டுப் பாருங்கள். அது நிதானமாக உருண்டு இறங்கும். 56 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டும் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள அச்சும் கொண்ட யோ-யோ 1 மீட்டர் இறங்க, கணக்குப்படி ஏறக்குறைய 3 வினாடி ஆகவேண்டும். அச்சின்மேல் சுற்றிய நூலும் அச்சைத் தடிப்பாக்குவதால், உண்மையில் இதைவிட விரைவாகவே இறங்கும். ஆயினும் கல்லின் வேகம் அதற்கு வராது.

புவியீர்ப்பு இரண்டிற்கும் ஒன்றுதானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு? கல்லின் நிலை ஆற்றல் முழுவதும் கீழ்நோக்கிப் பாயும் வேகமாக மாறுகிறது. யோ-யோவில் அந்த ஆற்றலின் மிகச் சிறு பகுதியே கீழிறங்கும் வேகமாகிறது. மீதியெல்லாம் சுழற்சியாக மாறுகிறது. மேற்சொன்ன யோ-யோ நூலின் கடைசிக்கு வரும்போது வினாடிக்கு ஏறக்குறைய 35 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். கையால் ஓங்கி வீசினால் இன்னும் அதிகம். ஆகவே யோ-யோ என்பது ஆற்றலைச் சுழற்சியாகச் சேர்த்து வைக்கும் ஒரு சிறு உண்டியல். அதில் சேர்த்ததைக் கொண்டுதான் அது மீண்டும் நூலில் ஏறி வருகிறது.

தூங்கும் யோ-யோ

யோ-யோ மிகப் பழமையான விளையாட்டுப் பொருள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கிண்ணம் ஒன்றில், ஒரு சிறுவன் இதைப் பிடித்து விளையாடும் ஓவியம் இருக்கிறது. அக்கிண்ணம் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிற்காலத்தில் ஐரோப்பாவில் பரவிய யோ-யோக்களில் நூலை அச்சோடு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டிய யோ-யோ கீழே போகும், உடனே மேலே வரும். வேறொன்றும் செய்யாது.

பெரிய மாறுதலைக் கொண்டுவந்தவர் பீட்ரோ ஃப்ளோரெஸ். பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், 1928-இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரில் யோ-யோ செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவருடைய யோ-யோவில் நூல் அச்சோடு கட்டப்படவில்லை. இரட்டையாக முறுக்கிய நூலின் அடிமடிப்பு, ஒரு வளையம் போல அச்சைச் சுற்றி நின்றது. நூல் முழுவதும் பிரிந்தபின் அச்சு அந்த வளையத்துக்குள் வழுக்கிச் சுற்றியது. யோ-யோ மேலே வராமல் நூலின் அடியில் நின்றபடியே சுழன்றது! இதைத்தான் யோ-யோ 'தூங்குகிறது' என்கிறார்கள். விரல் நுனியை ஒருமுறை வெடுக்கென்று சுண்டினால் தூக்கம் கலைந்து மேலேறி வரும். ஃப்ளோரெஸின் தொழிலைப் பின்னர் டொனால்ட் டங்கன் என்பவர் வாங்கி மிகப் பெரிதாக்கினார்.

தூக்கத்திற்குப் புவியீர்ப்பு எவ்வளவு தேவை என்பது 1985 ஏப்ரலில் தெளிவாகத் தெரிந்தது. டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் சென்ற வீரர்கள் சில பொம்மைகளையும் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அவற்றில் யோ-யோவும் ஒன்று. எடையற்ற நிலையில் அது அழகாகப் போய்த் திரும்பியது. ஆனால் தூங்க மறுத்துவிட்டது. நூலை விறைப்பாகப் பிடித்து வைக்க அங்கே எடை இல்லை. நூலின் கடைசிக்குப் போனவுடன் யோ-யோ துள்ளித் திரும்பி, தளர்ந்த நூலை மீண்டும் சுற்றிக்கொண்டது.

ஒரே கேள்வி, மூன்று விடைகள்

இப்போது கேள்வியின் உயிர்நாடிக்கு வந்துவிட்டோம். யோ-யோ நெடுநேரம் தூங்கவேண்டுமானால் அச்சுக்கும் நூலுக்கும் இடையே உராய்வு குறைவாக இருக்கவேண்டும். அழைத்ததும் திரும்பி வரவேண்டுமானால் நூலை அச்சு கவ்விப் பிடிக்கவேண்டும். அதற்கு உராய்வு வேண்டும். தூங்குவதற்கு உராய்வு பகை. திரும்புவதற்கு உராய்வு நட்பு. இரண்டையும் ஒரே அச்சில் எப்படிப் பெறுவது? கடையிலுள்ள யோ-யோ வகைகளெல்லாம் இந்த ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு விடைகள்தாம்.

முதல் விடை, நிலை அச்சு. மரத்தாலோ உலோகத்தாலோ ஆன சாதாரண அச்சு. அதன்மேல் நூல் வளையம் நேராக உராய்கிறது. இங்கே உராய்வைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. நூலின் முறுக்கை ஏற்றினால் வளையம் இறுகும். யோ-யோ சட்டென்று திரும்பும், ஆனால் தூங்காது. முறுக்கைச் சற்றுத் தளர்த்தினால் வளையம் விரியும். நன்றாகத் தூங்கும், ஆனால் எழுப்புவது கடினமாகும். இரண்டிற்கும் நடுவே ஓர் இடம் உண்டு. அதைத் தேடிப் பிடிப்பதே பழக்கம். இவ்வகை யோ-யோ நெடுநேரம் தூங்காது. பத்து வினாடி தூங்க வைத்தாலே கை தேறிவிட்டது என்று மகிழலாம்.

இரண்டாம் விடை, தானே திரும்புவது. இதன் உள்ளே சுருள்வில் அழுத்தும் இரு சிறு கைகள் அச்சைப் பிடித்திருக்கும். அக்கைகளின் முனையில் எடை இருக்கும். யோ-யோ வேகமாகச் சுழலும்போது அந்த எடைகள் வெளிப்புறம் ஒதுங்க, பிடி விடுபடும், யோ-யோ தூங்கும். வேகம் குறைந்ததும் சுருள்வில் மீண்டும் வென்று அச்சைப் பிடிக்கும். யோ-யோ தானாக ஏறிவரும். 1980-களில் அமெரிக்காவில் யோமேகா என்ற நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மைய விலக்கு விளைவை இவ்வளவு சிறிய இடத்தில் கையாண்டிருப்பது பாராட்டத்தக்கது.

மூன்றாம் விடை, பால் பேரிங். சைக்கிள் சக்கரத்தில் உள்ளதுபோலவே, சிறு எஃகுக் குண்டுகள் அடங்கிய வளையம் அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். நூல் பேரிங்கின் வெளி வளையத்தைச் சுற்றி நிற்கும். தேய்த்து உராய்வதற்குப் பதிலாகக் குண்டுகள் உருள்வதால் உராய்வு மிகக் குறைகிறது. அமெரிக்கப் பல் மருத்துவரான டாம் கூன் 1990-இல் வெளியிட்ட பால் பேரிங் யோ-யோவுக்குப் பிறகு இவ்வகை வேகமாக வளர்ந்தது. இன்று தேர்ந்த ஆட்டக்காரர் கையில் இது சில நிமிடங்கள் கூடத் தூங்கும். ஆனால் இவற்றுள் பல, நூலைச் சுண்டினால் திரும்பி வரமாட்டா. நூலை ஒரு மடிப்பாக மடித்து, சுழலும் தட்டுகளின் இடைவெளியில் செருகிச் சிக்க வைத்தால்தான் திரும்பும். அது ஒரு தனி வித்தை. அதை அறியாமல் வாங்குவோர்தாம் முதலில் சொன்னதுபோல ஏமாந்து போகிறார்கள்.

எடை கூடினால் நல்லதா?

"கனமாக இருந்தால் நன்றாகச் சுற்றும்" என்பது இன்னொரு நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே அளவும் ஒரே வடிவமும் கொண்ட இரண்டு யோ-யோக்கள். ஒன்று 60 கிராம், மற்றொன்று 120 கிராம். இரண்டையும் வீசாமல் கைவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கும். அடியில் ஒரே வேகத்தில் சுழலும். கனமானதை நிறுத்துவது இருமடங்கு கடினம், உண்மைதான். ஆனால் அது நூலின்மீது இருமடங்கு அழுத்துவதால் உராய்வும் இருமடங்காகிறது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், எடை இருபுறமும் அடிபட்டுப் போய்விடுகிறது! கனம் கூடியதால் மிஞ்சுவது விரல் வலிதான்.

எடை எவ்வளவு என்பதைவிட எடை எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். ஒரு யோ-யோவில் எடை தட்டு முழுவதும் பரவியிருக்கிறது. இன்னொன்றில் அதே எடை முழுவதும் விளிம்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் இறங்கியதும் முதலாவது வினாடிக்கு 35 சுற்று சுற்றும். இரண்டாவது 25 சுற்றுதான் சுற்றும். மெதுவாகச் சுற்றுவது தோற்றுவிட்டதா? இல்லை. இரண்டிலும் சேர்ந்துள்ள ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் விளிம்பில் எடையுள்ளதன் சடத்துவத் திருப்புத்திறன் இருமடங்கு. அதன் கோண உந்தம் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதே உராய்வு அதனை நிறுத்த 1.4 மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். விலை உயர்ந்த யோ-யோக்களில் விளிம்பைத் தடிப்பாகக் கடைந்திருப்பது இதனால்தான். தையல் இயந்திரத்தின் சக்கரமும் இதே தத்துவத்தில்தான் விளிம்பு கனத்து இருக்கிறது.

வடிவத்திலும் இரண்டு வகை உண்டு. வெளிப்புறம் உருண்டு, இடைவெளி குறுகிய வடிவம், கையிலிருந்து முன்னே போய்ச் சுற்றித் திரும்பும் ஆட்டங்களுக்கு ஏற்றது. வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல விளிம்பு விரிந்த வடிவத்தில் இடைவெளி அகலம். தூங்கும் யோ-யோவை நூலின்மீது ஏற்றி நிறுத்தும் வித்தைகளுக்கு அது வசதி. முதல் யோ-யோவுக்கு எந்த வடிவமும் போதும்.

என் கட்சி

நான் ஏன் நிலை அச்சை ஆதரிக்கிறேன்? அது மலிவு என்பதற்காக மட்டும் அன்று. அதில் எதுவும் மறைந்திருக்கவில்லை. வீச்சு கோணலானால் அது உடனே சாய்ந்து காட்டிவிடும். முறுக்குத் தவறினால் தூங்காமல் காட்டிவிடும். வேகம் போதாவிட்டால் பாதி நூலில் நின்று காட்டிவிடும். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு காரணம் இருக்கிறது; அந்தக் காரணத்தை நீங்களே கண்டுபிடித்து நீங்களே திருத்தலாம். பம்பரமும் இப்படித்தான் நம்மைப் பழக்குகிறது. கயிற்றைத் தளர்வாகச் சுற்றினால் பம்பரம் தலைகீழாக விழும். யாரும் சொல்லித் தராமலே மறுமுறை இறுக்கிச் சுற்றுகிறோம்.

தானே திரும்பும் யோ-யோவில் எப்போது திரும்புவது என்று முடிவு செய்வது சுருள்வில். வீசுவது மட்டுமே உங்கள் வேலை. பால் பேரிங்கோ கோணலான வீச்சையும் ஓரளவு மன்னித்துவிடும். மன்னிப்பது நல்ல குணம்தான். ஆனால் பழகும் காலத்தில் நல்ல ஆசிரியர் எல்லாத் தவறுகளையும் மன்னிப்பதில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்கவேண்டும் அல்லவா? "இன்றைய போட்டிகளில் வெல்பவர்கள் பால் பேரிங் யோ-யோதானே வைத்திருக்கிறார்கள்? நிலை அச்சில் பத்து வினாடிக்குள் என்ன வித்தை செய்ய முடியும்? பிள்ளைகள் சலித்துப்போய் விட்டுவிடுவார்களே!" என்பார்கள். இதில் உண்மை உண்டு. நூலைப் பின்னிச் செய்யும் நீண்ட வித்தைகளுக்கு நிலை அச்சு போதாது. உங்கள் வீச்சு நேராகி, தூக்கம் நிலைத்து, "இன்னும் சில வினாடி கிடைத்தால் இந்த வித்தையை முடித்துவிடுவேன்" என்று நீங்களே சொல்லும் நாள் வரும். பால் பேரிங் வாங்கவேண்டிய நாள் அதுதான். அன்று அதன் அருமை உங்களுக்குத் தெரியும். எதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறோம் என்பதும் தெரியும்.

மிகச் சிறு குழந்தைகளுக்கும், விரலைச் சுண்டும் வலு இல்லாதவர்களுக்கும் தானே திரும்பும் யோ-யோ நல்ல துணை. அவர்களுக்கு அதையே வாங்கிக் கொடுங்கள். இதில் பிடிவாதம் கூடாது.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை

இரண்டு தட்டுகளும் ஒரே எடை, ஒரே வடிவம் உடையனவா என்று பாருங்கள். நூலில் மெதுவாக இறக்கிப் பார்த்தால் ஆடாமல் குலுங்காமல் இறங்கவேண்டும்.

தட்டுகளைத் திருகிப் பிரிக்க முடியுமா என்று கேளுங்கள். பிரிக்க முடிந்தால் சிக்கிய நூலை எடுப்பது எளிது. உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்ப்பதும் ஒரு பாடம்.

நூலைக் கவனியுங்கள். அச்சோடு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தால் அது தூங்கும் யோ-யோ அன்று. நிலை அச்சுக்குப் பருத்தி நூலே ஏற்றது. உராய்வினால் எழும் வெப்பத்தில் பாலியெஸ்டர் நூல் இளகிவிடக்கூடும். யோ-யோவைத் தரையில் தொங்கவிட்டு, உங்கள் தொப்புள் உயரத்திற்குச் சற்று மேலே நூலை வெட்டி, நடுவிரலுக்குச் சுருக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நூல் நைந்ததும் தயங்காமல் மாற்றுங்கள். வேகமாகச் சுழலும் யோ-யோ நூலறுந்தால் எங்கே போய் மோதும் என்று சொல்ல முடியாது.

பாதுகாப்பும் முக்கியம். முகத்துக்கு நேரே வீசாதீர்கள். உங்களைச் சுற்றி நூலின் நீளத்துக்கும் அதிகமான இடம் காலியாக இருக்கட்டும். இழுபடும் ரப்பர் நூலில் திரவம் நிறைந்த பந்தைக் கட்டி, யோ-யோ பந்து என்ற பெயரில் விற்பது ஒன்று உண்டு. அந்த நூல் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் அபாயம் இருப்பதால் பிரிட்டனும் கனடாவும் 2003-இல் அதன் விற்பனைக்குத் தடை விதித்தன. பெயரில் யோ-யோ இருந்தாலும் அது யோ-யோ அன்று. அதை வாங்கவேண்டாம்.

நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்

என் கருத்தை அப்படியே ஏற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வகுப்பிலோ அறிவியல் மன்றத்திலோ இரண்டு மூன்று வகை யோ-யோக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாணவர் ஒவ்வொன்றையும் பத்து முறை வீசட்டும். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்துத் தூங்கும் நேரத்தைக் குறிக்கட்டும். சராசரி எடுங்கள். பிறகு நிலை அச்சு யோ-யோவின் முறுக்கை மட்டும் மாற்றி மீண்டும் வீசுங்கள். எது நெடுநேரம் தூங்குகிறது என்பதோடு நிறுத்தாமல், ஒரு வாரம் பழகியபின் எந்த யோ-யோவில் உங்கள் நேரம் அதிகமாக முன்னேறியிருக்கிறது என்பதையும் கணக்கிடுங்கள்.

முதல் கணக்கில் பால் பேரிங் வெல்லும், ஐயமில்லை. இரண்டாம் கணக்கில் எது வெல்லும் என்பதைப் பற்றித்தான் நான் வாதாடியிருக்கிறேன். கருவி எவ்வளவு நன்றாகச் சுற்றுகிறது என்பது அதைச் செய்தவரின் திறமை. அதை எவ்வளவு நன்றாகச் சுற்றுகிறீர்கள் என்பது உங்கள் திறமை. முதல் யோ-யோவை வாங்கும்போது இரண்டாவதை வளர்ப்பது எதுவோ அதை வாங்குங்கள்.